கோழி கிடைக்காத வீடு

பெரியவளுக்குக் கோழி விழுந்தது. சின்னவளுக்கு விழவில்லை.

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த மருமகள்கள். அந்த வீட்டை நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். செங்கல் தீர்ந்துபோனதோ, கட்டினவர்களுக்கு மனசு வரவில்லையோ, சுவர் கூரைவரை போகாமல் ஆள் உயரத்தோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும்.

தெருவுக்கு உதவி செய்ய வந்தது ஒரு வெளிநாட்டு நிறுவனம். எல்லா வீட்டுக்கும் கொடுக்க வசதியில்லை, குலுக்கல் போட்டுப் பாதி வீடுகளுக்கு முட்டைக்கோழி கொடுப்போம் என்றார்கள். கோழியோடு கூண்டும் வரும், சில மாதத்துக்குத் தீவனமும் வரும். தனி அடுப்பு இருந்தால் தனி வீடு என்பது அவர்கள் கணக்கு. அப்படித்தான் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடுகள் ஆகி, அதில் ஒன்றுக்கு மட்டும் கோழி விழுந்தது.

சின்னவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்த்தாள். நோயாளிகளின் விரிப்பு, டாக்டர்களின் பச்சை அங்கி எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். புருஷன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கிற நாளைவிட இல்லாத நாள் அதிகம். குலுக்கல் நடந்தபோது அவள் வேலையில் இருந்தாள். திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டாள். கை கால் கழுவினாள், அடுப்பைப் பற்ற வைத்தாள். பிறகு தெருவில் இறங்கி ஒவ்வொருவராக விசாரிக்க ஆரம்பித்தாள்.

டப்பாவுக்குள் கைவிட்டது யார்? நிறுவனத்து ஆள்தான். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தானா? மூடிக்கொண்டுதான் எடுத்தான் என்றாள் ஒருத்தி. அந்தப் பதில் அவளை இன்னும் கலக்கியது. யோக்கியன் எதற்காக இத்தனை பேருக்கு முன்னால் கண்ணை மூடிக் காட்ட வேண்டும்? குலுக்கலுக்கு முன்பு வீடுகளைப் பார்வையிட வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தது பெரியவள் என்றும் தெரியவந்தது. அதோடு சின்னவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல் இருந்தது.

கோழிகள் வந்தன. செம்பழுப்பு நிறம், மினுமினுப்பான இறகு, ஒவ்வொன்றின் காலிலும் ஒரு நீல பிளாஸ்டிக் வளையம். கால்நடை டாக்டர் வந்து வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்க ஒவ்வொரு கோழியின் கண்ணிலும் ஒரு சொட்டு மருந்து விட்டுப் போனார். அதை வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியது.

தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருந்தவர் டாக்டர் கிளம்புகிறவரை காத்திருந்து வாயைத் திறந்தார். டியூபில் ஓட்டை தேடுகிற மாதிரியே எந்த விஷயத்தையும் தண்ணீருக்குள் அமுக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்க்கிற மனிதர் அவர்.

"கண்ணுல மருந்து விட்டா கழிச்சல் எப்படி நிக்கும்? அது முட்டைக்குள்ள இறங்குற மருந்து. நம்ம புள்ளைங்களுக்குப் பிற்காலத்துல புள்ளை பிறக்காம பண்றதுக்கு."

"அந்த வளையம் எதுக்குண்ணே?" என்று யாரோ கேட்டார்கள்.

"நாம பேசுறது அவங்களுக்குக் கேக்கணும்ல."

சிலர் சிரித்தார்கள். ஆனால் அன்று சாயங்காலமே கோழி வாங்கின வீடுகளில் கத்தரிக்கோல் தேடினார்கள். பெரியவளும் வளையங்களை வெட்டிச் சாக்கடையில் போட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த சின்னவளுக்கு அந்த நறுக் நறுக் சத்தம் கேட்டது. எதற்கு வெட்டுகிறாள்? அடையாளத்தை அழித்துவிட்டுக் கோழியை விற்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

கோழிகள் முட்டையிடத் தொடங்கின. பெரியவள் ஒரு முட்டையைக்கூட இந்தப் பக்கம் நீட்டவில்லை. சின்னவளின் மகளுக்கு ஆறு வயசு. கோழி கேறுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் சுவரையே பார்ப்பாள். "பெரியம்மா வீட்டுல முட்டை இருக்கும்மா" என்று ஒருமுறை சொன்னாள். "இருக்கட்டும். உனக்கு நான் கடையில வாங்கித் தர்றேன்" என்றாள் சின்னவள். சுவருக்கு அப்பால் கேட்க வேண்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

அதன் பிறகுதான் கேள்விக்காரி வர ஆரம்பித்தாள். அவளுக்கு அந்தப் பெயர் தெரு வைத்தது. இளம்பெண், நிறுவனத்தின் சம்பளக்காரி. கையில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பாள். கோழி வாங்கின வீட்டுக்கும் போனாள், வாங்காத வீட்டுக்கும் போனாள்.

"நேத்து எத்தனை வேளை சாப்பிட்டீங்கக்கா? முட்டை, கறி ஏதாவது இருந்துச்சா? யாராவது பசியோட படுத்தீங்களா?"

சின்னவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கோழி அவங்களுக்கு, கேள்வி எனக்கா?"

"எல்லா வீட்டுலயும் கேக்கணும்க்கா."

"வாங்கினவங்க தின்னாங்களான்னு கேக்குறீங்க, சரி. கிடைக்காதவ தின்னாளான்னு எதுக்குக் கேக்குறீங்க?"

கேள்விக்காரிக்குப் பதில் தெரியும். ஆனால் சொல்ல அனுமதி இல்லை என்பது அவள் டேப்லெட்டைத் துடைத்த விதத்தில் தெரிந்தது. "ஒப்பிட்டுப் பாக்கத்தான்க்கா" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

அந்தச் சமயம் சுவருக்கு அப்பால் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. பெரியவள் காதைக் கொடுத்துவிட்டாள் என்று சின்னவளுக்குப் புரிந்தது. முந்தின நாள் வீட்டில் கஞ்சியும் வெங்காயமும்தான். அதையும் மகளுக்கு ஊற்றிவிட்டு அவள் தண்ணீர் குடித்துப் படுத்திருந்தாள். ஆனாலும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

"மூணு வேளையும் சாப்பிட்டோம். முட்டை தின்னோம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லைன்னு எழுதிக்கோங்க."

அடுத்த வீட்டில் பெரியவள் சொன்ன பதில் இந்தப் பக்கம் ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அவள் அழாத குறையாகப் பேசினாள். கோழி சரியாக முட்டை வைக்கவில்லை, பாதி செத்துப்போச்சு, கொடுக்கிற தீவனம் போதவில்லை, புள்ளைங்க அரை வயிற்றோடு படுக்குதுங்க.

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். காலையில்தான் பெரியவள் ஒரு கூடை முட்டையைத் துணி போட்டு மூடிக்கொண்டு எங்கோ போனதைப் பார்த்திருந்தாள்.

பெரியவளின் பயம் வேறு. பஞ்சர் கடைக்காரர் புதிதாக ஒரு குமிழியைக் கண்டுபிடித்திருந்தார். நல்லா வந்துட்டீங்கன்னு தெரிஞ்சா கோழியைத் திருப்பி வாங்கிடுவாங்க, ஏழைன்னு கிடைக்கிற அரசாங்க ரேஷனையும் நிறுத்தச் சொல்லுவாங்க என்று அவர் சொல்லியிருந்தார். பெரியவளின் புருஷன் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கித் தூக்கி நெஞ்சு கெட்டுப்போனவர். ரேஷன் நின்றால் அந்த வீடு நின்றுவிடும்.

அடுத்த தடவை கேள்விக்காரி தெருவுக்குள் நுழைந்ததாகத் தகவல் வந்தபோது பெரியவள் பின்வாசல் வழியாகச் சின்னவளிடம் வந்தாள். இரண்டு கையிலும் தலைகீழாகத் தொங்கின கோழிகள். குலுக்கலுக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"இதை உன் குளிக்கிற அறையில கொஞ்ச நேரம் போட்டு வச்சிரு. அவ போனதும் எடுத்துக்கிறேன்."

"எதுக்கு?"

"பாதி செத்துப்போச்சுன்னு சொல்லியிருக்கேன். அவ வந்து எண்ணிப் பாத்தா?"

சின்னவளுக்கு உடனே சந்தேகம் வந்தது. நாளைக்குக் கோழியைக் காணோம், இவள்தான் திருடினாள் என்று சொல்வாளோ? இருந்தாலும் வாங்கிக்கொண்டாள். பிறர் பொய்க்கு நாம் காவல் இருக்கிறோம் என்பதில் ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது.

கோழிகளுக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. கேள்விக்காரி உட்கார்ந்து, டேப்லெட்டைத் திறந்து, "நேத்து எத்தனை வேளை" என்று ஆரம்பித்ததும் குளியலறையிலிருந்து ஒரு கோழி நீளமாகக் கேறியது. கூடவே மற்றவையும் சேர்ந்துகொண்டன. முட்டையிட்டுவிட்டது என்பது காது இருக்கிற எவருக்கும் தெரியும்.

கேள்விக்காரி எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தாள். வாளிக்குப் பக்கத்தில் ஐந்தாறு கோழிகள். ஒன்று துணி துவைக்கிற கல்லின் மேல் ராணி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"இது யாரோட கோழிக்கா?"

சின்னவள் சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. காட்டிக்கொடுக்க ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்தது. ஏனோ வெளியே வரவில்லை.

"என்னோடதுதான்."

"நீங்க குலுக்கல்ல வரலையே?"

"குலுக்கல்ல வந்தாத்தான் கோழி வளக்கணுமா? ஆஸ்பத்திரி பக்கம் ஒருத்தர்கிட்ட வாங்கினேன்."

கேள்விக்காரி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு டேப்லெட்டில் விரலை ஓட்டினாள்.

அவள் போனதும் பெரியவள் கோழிகளை எடுக்க வந்தாள். அதற்குள் சின்னவளின் மகள் குளியலறையில் கிடந்த முட்டையை எடுத்து, அம்மாவிடம் கேட்டு, அடுப்பில் அவிக்கப் போட்டிருந்தாள். பெரியவள் அதைப் பார்த்ததும் ஓடிவந்து பாத்திரத்தை இறக்கினாள். "இரு, இரு. எத்தனை முட்டை தின்னா?"

"ஒரு முட்டைக்கு இப்படிப் பதறுறீங்களே அக்கா" என்றாள் சின்னவள். "இத்தனை நாளா ஒண்ணு தரலை. என் குளியலறையில விழுந்ததையும் பிடுங்கணுமா?"

பெரியவள் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றாள். பிறகு அதை மெல்ல அடுப்பின் மேலேயே திரும்ப வைத்தாள்.

"கண்ணுல மருந்து விட்டாங்கல்ல. அந்தப் பயம். முதல் ஒரு மாசம் நான் மட்டும்தான் தின்னேன். எனக்கு என்ன ஆகுதுன்னு பாத்தேன். ஒண்ணும் ஆகலைன்னதும் என் புள்ளைங்களுக்குக் கொடுத்தேன். அப்பவும் பயந்துக்கிட்டேதான். உன் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் முன்னால நான் நிக்க முடியுமா? அந்தப் பதட்டம்தான் இப்பவும் ஓடி வந்துச்சு."

"அதைச் சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட? நீ என் முகத்தைப் பாத்தே எத்தனை நாளாச்சு. நாற்காலி போட்டுக் கோழி வாங்கினவன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியிற."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். நம்பலாமா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. சந்தேகப்பட்டுப் பழகினவளுக்கு நம்புவது கூச்சமாக இருந்தது. மகள் முட்டையை உரித்துப் பாதியைப் பெரியம்மாவிடம் நீட்டினாள். பெரியவள் முதலில் தான் ஒரு வாய் தின்றுவிட்டு மீதியைக் குழந்தைக்கு ஊட்டினாள்.

அன்றிலிருந்து சுவருக்கு மேலே முட்டை வர ஆரம்பித்தது. கேள்விக்காரி வருகிறபோது கோழிகள் இந்தப் பக்கம் வரும். போனதும் திரும்பிப் போகும். தெருவில் மற்ற வீடுகளும் இதேபோல் ஏதோ செய்துகொண்டிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. வாங்கினவர்கள் இல்லாததுபோல் அழுதார்கள். வாங்காதவர்கள் அவர்களுக்குத் தாழ்ந்துபோகக்கூடாது என்று வயிறு நிறைந்ததாகச் சொன்னார்கள்.

கடைசியாக ஒரு கூட்டம் போட்டார்கள். பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் தெருவையே உட்காரவைத்தார்கள். நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்திருந்தாள். அவள் தன் மொழியில் பேச, பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் சொல்லிக்கொண்டே வந்தார்.

"உங்க எல்லாருக்கும் நன்றி சொல்றாங்க. ஆய்வு முடிஞ்சிருச்சு. கோழி வாங்கின வீட்டுக்கும் வாங்காத வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியலை. சில விஷயத்துல வாங்காதவங்களே நல்லா இருக்காங்க. அதனால இந்த உதவியால பலன் இல்லைன்னு முடிவாகியிருக்கு. அடுத்த கட்டத்தை நிறுத்துறாங்க."

"அடுத்த கட்டம்னா என்ன?" என்று சின்னவள் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

மொழிபெயர்ப்பாளர் அந்த அம்மாவிடம் குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "குலுக்கல்ல வராத வீடுகளுக்கும் கோழி கொடுக்கிறதா இருந்துச்சு. முன்னாடியே சொன்னா உங்க பதில் மாறிடும்னு சொல்லலையாம்."

பஞ்சர் கடைக்காரர்கூடக் கையிலிருந்த பீடியைப் பற்றவைக்காமல் வைத்திருந்தார்.

சின்னவள் எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசியதே இல்லை. ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசருக்கு முன்னால்கூட வாய் திறக்காதவள்.

"நாங்க பொய் சொன்னோம்" என்றாள், பெரியவளைக் காட்டி. "அவங்க எங்க அக்கா. கோழி வந்த பிறகு அவங்க வீட்டுல மூணு வேளையும் அடுப்பு எரியுது. எங்க அத்தானுக்கு மருந்து வாங்குறாங்க. அது எல்லாம் முட்டையில வந்தது. எங்க வீட்டுலதான் ஒண்ணும் இல்லை. இருக்குன்னு நான் வீம்புக்குச் சொன்னேன். அவங்க பயத்துக்கு இல்லைன்னு சொன்னாங்க. நீங்க முதல்லயே விவரம் சொல்லியிருந்தா எங்களுக்கு இந்தப் பயமும் வந்திருக்காது, வீம்பும் வந்திருக்காது."

அவள் இவ்வளவு பேசினாள். மொழிபெயர்ப்பாளர் நாலே சொல்லில் முடித்தார். முழுதாகச் சொன்னாரா, பாதியை விழுங்கினாரா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அதிகாரி அம்மா அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள்.

"உங்க ஏமாற்றம் புரியுதுன்னு சொல்றாங்க. உதவி நிக்கப்போகுதுன்னு தெரிஞ்சதும் எல்லா ஊர்லயும் யாராவது இப்படி எழுந்திருச்சு சொல்றது உண்டாம்."

"நான் சொல்றது பொய்ங்கிறாங்களா?"

"அப்படிச் சொல்லலை. புரியுதுன்னுதான் சொல்றாங்க."

"ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது."

புருஷன் கையைப் பிடித்து இழுத்ததை உதறிவிட்டுப் பெரியவளும் எழுந்தாள். "என் கோழி எல்லாம் உயிரோட இருக்கு. ஒண்ணுகூடச் சாகலை. வந்து பாருங்க."

அதிகாரி அம்மா வந்தாள். அதைச் சொல்லியாக வேண்டும். வெயிலில் தெருவெல்லாம் பின்னால் வர, நடந்தே வந்து கூண்டுக்கு முன்னால் நின்றாள். கோழிகள் கொழுகொழுவென்று இருந்தன. அவள் முகம் மலர்ந்தது. குனிந்து ஒரு கோழியின் காலைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் மெதுவாக ஏதோ கேட்டாள்.

"இதுங்க எங்க கோழிதான்னா வளையம் எங்கேன்னு கேக்குறாங்க."

பெரியவள் பஞ்சர் கடைக்காரரைத் தேடினாள். அவர் கூட்டத்தின் பின்வரிசைக்கு நகர்ந்து, அங்கிருந்தும் காணாமல் போயிருந்தார்.

சின்னவள் கேள்விக்காரியிடம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. எத்தனை தடவை வந்திருக்க."

கேள்விக்காரி டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். "நான் பாத்தப்போ கோழி உங்க வீட்டுலதான் இருந்துச்சுக்கா. உங்களோடதுன்னு நீங்கதான் சொன்னீங்க." அது உண்மைதான்.

அவர்கள் வந்த வண்டி கிளம்பிப் போய்விட்டது. அன்று சாயங்காலம் தெருவில் பழைய கதைதான்: அவர்கள் முதலிலிருந்தே நிறுத்தத்தான் திட்டம் போட்டிருந்தார்கள், நம் பதில் ஒரு சாக்கு என்றார்கள் சிலர். சின்னவளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படி நம்பிவிட்டால் எத்தனை சௌகரியம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் முடியவில்லை. மூணு வேளையும் சாப்பிட்டோம் என்று சொன்ன தன் குரல் காதிலேயே இருந்தது.

சில வாரம் கழித்துக் கேள்விக்காரி தனியாக வந்தாள். கையில் டேப்லெட் இல்லை. வேறு ஊருக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னாள். சின்னவள் உட்காரச் சொல்லாமல் நிற்கவைத்தே பேசினாள்.

"எனக்கு அன்னைக்கே சந்தேகம்தான்க்கா. கோழியை யாராவது குளிக்கிற அறையில வளப்பாங்களா?"

"பிறகு ஏன் அதை எழுதலை?"

"பதிலைத்தான் எழுதணும். எனக்குத் தோணுறதை எழுத அதுல இடம் இல்லை. கூட்டத்துல சொல்லியிருக்கலாம். சொன்னா நான் இத்தனை நாள் எடுத்த பதில் எல்லாமே குப்பைன்னு ஆகிடும். அந்த நிமிஷம் என் வேலைதான் கண்ணு முன்னால நின்னுச்சு."

"இப்ப எதுக்கு வந்தே? இதைக் கேட்டு நான் உன்னை நல்லவன்னு சொல்லணுமா?"

"தெரியலைக்கா."

அவள் நிஜமாகவே வருத்தப்பட்டு வந்தாளா, புது இடத்துக்கு நிம்மதியாகப் போக வேண்டும் என்று வந்தாளா, சின்னவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஆனால் அந்தப் பெண் உட்காரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

தீவனம் நின்றுபோனது. கோழிகளை வைத்துக்கொள்வதா விற்பதா என்று பெரியவள் தடுமாறியபோது சின்னவள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பேசிப் பார்த்தாள். நோயாளிகளுக்குத் தினமும் முட்டை வேண்டும். சமையல்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டுக் கோழி முட்டையாமே என்று அவர் காதுக்கும் போயிருந்தது. ஒவ்வொரு முட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகே எடுத்துக்கொண்டார். இப்போது பார்க்காமலே எடுக்கிறார். அங்கே மிச்சமாகிற சோற்றைச் சின்னவள் வாளியில் கொண்டுவருவாள். அதோடு தவிடு கலந்தால் தீவனச் செலவு பாதியாகும்.

போன மாதம் வயதான கோழிகளை விற்றுவிட்டு இருவரும் சேர்ந்து புதுக் கோழி வாங்கினார்கள். கூண்டு பெரியவள் பக்கம் இருக்கிறது. முட்டையை எடுத்து வைப்பதும் அவள்தான், பங்கு பிரித்துச் சுவருக்கு மேலே கொடுப்பதும் அவள்தான். சில நாள் கொஞ்சம் குறைவாக வருகிற மாதிரி இருக்கும். சின்னவள் கூடையைக் கையில் வாங்கி ஒரு கணம் நிற்பாள். கேட்டுவிடலாமா என்று தோன்றும். "வெயில் அதிகம், இன்னைக்குச் சரியா வைக்கலை" என்று பெரியவள் அந்தப் பக்கத்திலிருந்து தானாகவே சொல்வாள்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்புவாள்.